அத்தியாயம் 6: மிச்சப் பலகையில் ஒரு தீனிப் பெட்டி

தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் பழைய தனி வீட்டை இடித்து அடுக்ககம் கட்டும்போது முதலில் கழன்று வருவது கதவும் ஜன்னலும்தான். முழு நிலையும் முழுக் கதவும் பழைய மரக்கடைக்குப் போய்விடும். ஒன்றரை அடி, இரண்டு அடித் துண்டுகளை யாரும் சீண்டுவதில்லை, கடைசியில் விறகாகும். தச்சுப் பட்டறைகளிலும் இதே கதைதான். கட்டிலும் அலமாரியும் செய்தபின் மிஞ்சும் வெட்டுத்துண்டுகள் சாக்குச் சாக்காக மூலையில் கிடக்கும். அந்தச் சாக்கிலிருந்து ஒரு பறவைத் தீனிப் பெட்டி செய்யும் வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது. ரம்பம் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். கழுவுவதற்குக் கழற்ற முடியாத பெட்டியைச் செய்யாதீர்கள். கடையில் விற்கும் அழகான குட்டி வீடுகள் பலவற்றில் தட்டும் சுவரும் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். எச்சமும் நனைந்த தானியமும் மூலையில் சேர்ந்தால் சுரண்டி எடுக்க வழியே இல்லை. பறவைகளுக்கு நல்லது செய்வதாக நினைத்து நோயைப் பரப்பும் பெட்டிகள் அவை. கீழே வரும் அளவுகள் எல்லாமே தட்டு தனியாகக் கையோடு வர வேண்டும் என்பதற்காகப் போட்டவை.

யாருக்காகச் செய்கிறோம்

இந்தப் பகுதிக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. முந்நூறு ஏக்கருக்கும் மேல் விரிந்த அந்த வளாகத்தில் பழைய புதர்க்காட்டின் மிச்சம் இன்னும் நிற்கிறது. அதன் விடுதிகளில் ஒன்றுக்குச் சேலையூர் என்றே பெயர். பக்கத்திலேயே விமானப்படைத் தளத்தின் திறந்தவெளி. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகள். கிழக்கே போனால் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஏரிப் பறவைகள் உங்கள் பெட்டியைத் தேடி வரப்போவதில்லை. ஆனால் அந்தக் காடும் தோப்பும் இருப்பதால் தெருவுக்குள் வேறு பல பறவைகள் வந்துபோகின்றன.

தானியம் வைத்தால் தவிட்டுக்குருவி, மைனா, புள்ளிப்புறா, பச்சைக்கிளி வரும். அருகில் புல்வெளியோ காலி மனையோ இருந்தால் சில்லையும் எட்டிப் பார்க்கும். பப்பாளித் துண்டு வைத்தால் கொண்டைக்குருவியும் குயிலும் வரும். பக்கத்தில் ஆலோ அரசோ இருந்தால் குக்குறுவானும் வரலாம். மளிகைக் கடையும் சுவர்ப் பொந்தும் உள்ள பழைய தெருக்களில் சிட்டுக்குருவியை எதிர்பார்க்கலாம். அணில் கட்டாயம் வரும். அணிலை விரட்டும் உத்திகள் வெளிநாட்டுப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நம் முதுகுவரி அணில் கைப்பிடிக்குள் அடங்குவது. அதற்கும் சேர்த்து ஒரு பிடி போட்டுவிடுங்கள்.

பறவைக்கு இரை வைப்பது நமக்குப் புதிதல்ல. சாப்பிடும் முன் காக்கைக்குச் சோறு வைக்கிறோம். பொங்கல் சமயத்தில் கணுப்பிடி அன்று மஞ்சள் இலையில் வண்ணச் சோற்று உருண்டைகளை வைக்கிறோம். அறுவடை முடிந்ததும் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டி வாசலில் தொங்கவிடும் வீடுகளும் கோயில்களும் உண்டு. குருவி தொங்கியபடியே கொத்தித் தின்னும். சென்னையில் இந்தப் பழக்கத்தை யாரும் எண்ணிப் பார்க்காத அளவுக்குக் கொண்டுபோனவர் ராயப்பேட்டை ஜோசப் சேகர். கேமரா பழுதுபார்ப்பவர். 2004 சுனாமிக்குப் பிறகு தன் மாடிக்கு வந்த கிளிகளுக்கு அரிசி வைக்கத் தொடங்கினார். பின்னாளில் ஆயிரக்கணக்கில் வந்தன. அவர் மாடியில் இருந்தவை நீளமான சாதாரணப் பலகைகள். அவற்றின் மேல் ஊறவைத்த அரிசி, வரிசையாக. கிளிகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பெட்டியின் அழகு நமக்காகத்தான். பறவைக்கு வேண்டியது காலூன்ற இடமும் சுத்தமான இரையும்.

மரம் பார்த்து எடுப்பது

பட்டறையில் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

“அண்ணே, முக்கால் இஞ்ச் வெட்டுத்துண்டு இருந்தா எடுத்துக்கலாமா? குருவிப் பெட்டி செய்யணும்.”

“எடுத்துக்கோங்க சார். பிளைவுட்டை மட்டும் தொடாதீங்க, ஒரு மழைக்குத் தாங்காது.”

ஆசாரி சொல்வது முழு உண்மை. உள்அறை அலமாரிக்குப் போடும் பிளைவுட், எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு எல்லாம் பசையால் நிற்பவை. ஐப்பசி மழையில் ஓரம் ஊதி, அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். அந்தப் பசையில் ஃபார்மால்டிஹைடு இருப்பதால் இரை வைக்கும் இடத்துக்கு அவை வேண்டவே வேண்டாம். தேக்கு, வேம்பு, பூவரசு, பலா, எது கிடைத்தாலும் சரி. முழு மரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தேக்கு வெயிலுக்கும் மழைக்கும் அதிகம் தாங்கும். வேம்பை நன்றாகக் காய்ந்தபின் எடுத்தால் பூச்சி அரிக்காது.

இடிப்பு மரத்தில் ஒரு எச்சரிக்கை. பெயிண்ட் அடித்த துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள். 2017 நவம்பரிலிருந்துதான் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவுகளின் பச்சையிலும் மஞ்சளிலும் எவ்வளவு ஈயம் இருக்கிறதோ, பார்வைக்குத் தெரியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் உங்கள் மூச்சிலும் வீட்டுக் குழந்தைகளின் கையிலும் சேரும். சுவருக்குள் புதைந்திருந்த நிலைக்கட்டையில் கரையான் மருந்து வாடை அடித்தால் அதுவும் வேண்டாம்.

தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் இருப்பதால் இந்தப் பக்கம் பேக்கிங் மரமும் கைக்கு வரும். லேசான பைன் பலகை, அறுக்கச் சுலபம். வாங்கும் முன் பலகையைத் திருப்பி முத்திரையைத் தேடுங்கள். கோதுமைக் கதிர் போன்ற சின்னம், பக்கத்தில் நாட்டின் குறியீடு, அதன்கீழ் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஹெச்.டி. என்றால் சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம், தாராளமாக எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது, வைத்துவிட்டு வாருங்கள். முத்திரையே இல்லாமல் எண்ணெயோ ரசாயனமோ கொட்டிய கறை இருந்தால் அதுவும் கழிவுதான்.

வெட்டும் அளவுகள்

எல்லாம் முக்கால் இஞ்ச் கனப் பலகைக்குப் போட்ட கணக்கு.

பக்கப் பலகை 2: அகலம் 8 இஞ்ச், உயரம் 11 இஞ்ச்.
கூரைப் பலகை 2: நீளம் 15 இஞ்ச், அகலம் 7 இஞ்ச்.
தாங்கு சட்டம் 2: ஒன்றரை இஞ்ச் ரீப்பர், நீளம் 11 இஞ்ச்.
தட்டுக்கு ஒன்றரை இஞ்ச் ரீப்பர்: 10¾ இஞ்ச் நீளத்தில் 2, 6½ இஞ்ச் நீளத்தில் 2.
கொசுவலைக் கம்பி (அலுமினியம் அல்லது ஸ்டீல்): 10¾ × 8 இஞ்ச்.
பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு, 15 இஞ்ச்.

தட்டுக்கான பொருள்களை மட்டும் இரண்டு மடங்காக எடுங்கள். ஏன் என்பதைக் கழுவும் பகுதியில் சொல்கிறேன். உங்கள் பலகை ஒரு இஞ்ச் கனமாக இருந்தால் 6½ இஞ்ச் துண்டு மட்டும் 6 ஆகும். தட்டின் மொத்த அகலம் 8 இஞ்ச்; அதில் இரண்டு சட்டத்தின் கனம் கழிய மிஞ்சுவது அந்தத் துண்டு.

கூரைச் சரிவுக்குக் கோணமானி தேவையில்லை. பக்கப் பலகையின் மேல் விளிம்பில் நடுப்புள்ளியைக் குறியுங்கள். இரு ஓரத்திலிருந்தும் அது 4 இஞ்ச். ஓரங்களில் மேலிருந்து 3 இஞ்ச் கீழே இறங்கி இன்னொரு புள்ளி வையுங்கள். புள்ளிகளை இணைத்தால் சரிவு கச்சிதமாக 5 இஞ்ச் வரும். மூன்று, நான்கு, ஐந்து என்ற அளவை மூலைமட்டம் சரிபார்க்கக் கொத்தனார்களும் பயன்படுத்துவார்கள். இரண்டு பக்கப் பலகைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கட்டிச் சேர்த்து அறுத்தால் சரிவு இரண்டிலும் ஒன்றுபோல இருக்கும்.

கோர்ப்பது

முதலில் தாங்கு சட்டங்கள். இரண்டு பக்கப் பலகைகளுக்கும் நடுவே, அடிவிளிம்பை ஒட்டி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. ரீப்பரைப் படுக்கப்போடாமல் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். அப்போதுதான் தட்டின் அடியில் காற்றும் நீரும் போக இடம் அகலமாகக் கிடைக்கும். ஸ்க்ரூ போடும் முன் டிரில்லால் மெல்லிய துளையிட வேண்டும். தேக்கின் ஓரத்தில் துளையில்லாமல் ஆணி அடித்தால் இழை வழியாகப் பிளந்துகொள்ளும். சாதா ஆணி ஒரே மழைக்காலத்தில் துருவேறும்; ஜி.ஐ. அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வாங்குங்கள்.

அடுத்து கூரை. இரண்டு பலகைகளும் முகட்டில் சந்திக்கும்போது மேல்பக்கம் சிறு பள்ளமாக ஒரு இடைவெளி விழும். அதை இழைத்துச் சரிசெய்ய வேண்டியதில்லை. சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் கிழித்து விரித்து, முகட்டின் மேல் படுக்கவைத்து, இருபுறமும் சிறு ஆணி அடித்தால் மழைத்துளி இறங்காது. கூரை முன்னும் பின்னும் 2 இஞ்ச் நீண்டு நிற்கும். அதுதான் சாரலைத் தடுக்கிறது.

தட்டு எளிது. நான்கு ரீப்பர்களையும் சட்டமாகச் சேருங்கள். அடியில் கம்பிவலையை இழுத்து விரித்து, மெல்லிய மரப்பட்டை வைத்து ஸ்டேப்ளர் அல்லது சிறு ஆணியால் பிடியுங்கள். வலையின் வெட்டு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது; ஒவ்வொரு ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் விரலைக் கீறும் கம்பி குருவியின் காலையும் கீறும். பலகை அடித்தளம் போட்டால் தானியம் நனைந்து இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். வலையில் நீர் நிற்காது, கம்பும் தினையும் உதிராது. தட்டைத் தாங்கு சட்டத்தின் மேல் வையுங்கள். பக்கப் பலகையில் ஒரு துளையிட்டு, அது தட்டின் சட்டத்துக்குள்ளும் செல்லும்படி நீள ஆணி ஒன்றைச் சொருகினால் காற்றில் நகராது. கழுவும்போது ஆணியை உருவிவிட்டுத் தட்டை முன்பக்கமாக இழுத்தால் கையோடு வந்துவிடும்.

தொங்கவிடுவதில் கவனம் வேண்டும். கூரைப் பலகையில் கொக்கி போட்டால் பாரம் முழுவதும் கூரையைப் பக்கப் பலகையோடு பிடிக்கும் நான்கைந்து ஸ்க்ரூவில் நிற்கும். அதற்குப் பதிலாக, முகட்டை ஒட்டி இரு முனையிலும் டியூப்போடு சேர்த்துத் துளையிட்டு, நைலான் கயிற்றை உள்ளே விட்டு, பக்கப் பலகையின் உச்சிக்கு ஒன்றரை இஞ்ச் கீழே போட்ட துளை வழியாக வெளியே எடுத்து முடிச்சிடுங்கள். கயிறு ரப்பரை இறுக்கிப் பிடிப்பதால் துளையில் நீர் புகாது.

பெயிண்டும் வார்னிஷும் வேண்டாம். வெளிப்பக்கத்துக்கும் கூரைக்கும் மட்டும் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசி, வாடை போகும்வரை நிழலில் காயவிடுங்கள். கடையில் கேட்கும்போது உலர்த்தும் ரசாயனம் சேர்க்காத பச்சை எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். முந்திரிக்கொட்டை எண்ணெய் கரையானை அண்டவிடாது என்பார்கள். அது உண்மைதான், ஆனால் தோலில் பட்டால் புண்ணாக்கும் எண்ணெய் அது. தீனிப் பெட்டிக்கு ஆகாது.

எங்கே மாட்டுவது? பூனை தாவ முடியாத இடத்தில், ஐந்தாறு அடி உயரத்துக்கும் மேலே, காலை வெயில் பட்டு நடுப்பகலில் நிழல் விழும் பக்கத்தில். அருகே வேம்போ முருங்கையோ இருந்தால் நல்லது. பறவை முதலில் கிளையில் உட்கார்ந்து சுற்றும்முற்றும் பார்த்த பிறகுதான் இறங்கும். கண்ணாடி ஜன்னல் இருந்தால் அதற்கு மூன்று அடிக்குள் மாட்டுங்கள், அல்லது முப்பது அடிக்கு அப்பால். இடைப்பட்ட தூரத்தில்தான் பறவை முழு வேகம் எடுத்துக் கண்ணாடியில் மோதுகிறது.

புறாவைத் தடுப்பது

அடுக்ககத்தில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். மாடப்புறா ஒரு பால்கனியைக் கண்டுகொண்டால் கூட்டமாக வரும், ஏசியின் மேல் கூடு வைக்கும், கீழ்வீட்டுத் துணியெல்லாம் எச்சமாகும். அந்த எச்சத்தின் தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் அழற்சி வந்து, நாள்பட்டால் நுரையீரலே தழும்பேறிவிடும். மும்பையில் 2025இல் புறாக்களுக்குத் தீனி போடும் கபூதர்கானாக்களை மூடும் உத்தரவு வந்து பெரிய போராட்டமே நடந்தது. அந்த நிலைக்கு நம் தெருவைக் கொண்டுபோகக் கூடாது.

தீர்வு நம் பெட்டியிலேயே இருக்கிறது. முன்பக்கம் கூரை ஓரத்தின் கீழே இன்னொரு ரீப்பர் வைத்து, அதற்கும் கீழ்ச் சட்டத்துக்கும் இடையே மூங்கில் குச்சிகளை நெட்டாக நிறுத்துங்கள். குச்சிக்கும் குச்சிக்கும் இடைவெளி ஒன்றரை இஞ்ச். சிட்டுக்குருவியும் சில்லையும் நுழைந்துவிடும். புறாவும் காகமும் நுழையாது. பின்பக்கத்தை ஒரே பலகையால் மூடி, இரண்டு கொக்கியில் மாட்டி, தட்டை அந்த வழியாக எடுங்கள். குச்சி வைத்தால் மைனாவும் தவிட்டுக்குருவியும் வர முடியாதே என்று வருத்தம் வரும். தனி வீடும் தோட்டமும் இருப்பவர்கள் குச்சியில்லாமல் விடலாம். அடுக்ககத்தில் குச்சி கட்டாயம் என்பது என் முடிவான கருத்து.

காக்கைக்கு வைக்கும் சோற்றை வழக்கம்போலக் கைப்பிடிச் சுவரில் வையுங்கள். அதையும் பெட்டியில் போட்டால் மற்ற பறவைகள் பக்கத்திலேயே வராது.

என்ன போடுவது, எவ்வளவு

கம்பு, தினை, குருணை அரிசி, உடைத்த சோளம். பச்சை அரிசி குருவியின் வயிற்றில் ஊதி வெடிக்கும் என்று சொல்வது வெறும் வதந்தி. நெல் வயலிலேயே வாழும் பறவைகள் அவை. மிக்சர், முறுக்கு, பிஸ்கட், உப்புக் கடலை மட்டும் கூடவே கூடாது. வேர்க்கடலை போடுவதாக இருந்தால் வறுக்காதது, பூசணம் இல்லாதது. பூசணம் பிடித்த கடலையில் உள்ள அஃப்லாடாக்சின் பறவையின் ஈரலைக் கெடுக்கும். சமைத்த சோறு கத்திரி வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். அதனால் பெட்டிக்குக் காய்ந்த தானியமே சரி.

அளவு ஒரு கைப்பிடி. விடிந்ததும் போடுங்கள், பத்து மணிக்குள் தீர்ந்துவிட வேண்டும். மிஞ்சினால் மறுநாள் பாதிப் பிடி. முதல் சில வாரம் ஒன்றுமே வராமல் போகலாம், மனம் தளராதீர்கள். பெரும்பாலும் தவிட்டுக்குருவிகள்தான் முதலில் துணியும். கூட்டத்தில் ஒன்று மேலே கிளையில் காவலுக்கு உட்காரும். மற்றவை தட்டின் விளிம்பில் தோளோடு தோள் உரச நெருக்கியடித்து, ஒன்றையொன்று திட்டுவது போலக் கத்திக்கொண்டே தின்னும். காவல் குருவி குரல் மாற்றினால் எல்லாம் ஒரே நொடியில் புதருக்குள். அநேகமாக வல்லூறு ஒன்று வந்திருக்கும்.

சிட்டுக்குருவிக் குஞ்சு தானியத்தில் வளர்வதில்லை. முதல் நாட்களில் தாய் அதற்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். பெட்டியின் அருகே பூச்சிமருந்து அடித்துவிட்டு உள்ளே கம்பு போடுவதில் பயனில்லை. ஒரு முருங்கை, ஒரு மருதாணி, நாலு அடி மண் தரை இருந்தால் பெட்டி செய்யாத பாதியை அவை செய்யும்.

பக்கத்தில் அகலமான மண்சட்டியில் தண்ணீர். ஆழம் இரண்டு இஞ்சுக்கு மேல் வேண்டாம். நடுவே ஒரு கல். தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினால் டெங்குக் கொசு அதில் வளராது.

கழுவுவது

2005இல் பிரிட்டனில் கிரீன்ஃபிஞ்ச் என்ற சிறு பறவைகள் தோட்டங்களில் செத்து விழத் தொடங்கின. தொண்டையில் ட்ரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணி. விழுங்க முடியாத தானியத்தைத் தட்டிலேயே கக்கும். அடுத்து வரும் பறவை அதைத் தின்னும். அந்த நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பறவைக்குத் தீனி வைப்பவை. ஒரு காலத்தில் சர்வசாதாரணமாக இருந்த கிரீன்ஃபிஞ்ச், 2021இல் அங்கே சிவப்புப் பட்டியலுக்குப் போனது. இந்த ஒட்டுண்ணி புறா இனங்களில் எங்கும் இருப்பது. நம் ஊர்ப் புள்ளிப்புறாவும் அதில் அடக்கம்.

ஆகவே இரண்டு தட்டுகள். ஒன்று பெட்டியில் இருக்கும்போது மற்றொன்று மொட்டைமாடி வெயிலில் காயட்டும். தினமும் மாலையில் தட்டை எடுத்து, காய்ந்த எச்சத்தை முதலில் நீர் தெளித்து நனைத்த பிறகே தேய்க்க வேண்டும். உலர்ந்தபடியே சுரண்டினால் தூசி பறக்கும். சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். வாரம் ஒருமுறை ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அலசி, நன்றாகக் கழுவி, வாடை முழுக்கப் போகும்வரை வெயிலில் வையுங்கள். இதற்கென்று தனி பிரஷ், தனி வாளி. சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் பாதி மூடி, ஆள் நெருங்கியும் பறக்காத பறவை ஒன்றைப் பெட்டியில் கண்டால் அன்றே தீனியை நிறுத்துங்கள். பெட்டியைக் கழற்றி, இரண்டு வாரம் உள்ளே வைத்துவிடுங்கள். பறவைகள் பட்டினி கிடக்காது. ஒன்றாகக் கூடாமல் வெவ்வேறு இடத்தில் தேடித் தின்னும்.

மழைக்கு முன்னும் பின்னும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் இந்தப் பகுதியில் வேரோடு சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் பெட்டியை முந்தின நாளே இறக்கி வீட்டுக்குள் வையுங்கள். கயிற்றில் ஆடும் மூன்று நான்கு கிலோ மரம் காற்றில் அறுந்தால் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. விடாத அடைமழை நாட்களில் தீனி வேண்டாம். நனைந்த தானியம் நோய்தான்.

தை பிறந்ததும் பெட்டியை எடுத்து வைத்துச் சோதியுங்கள். கயிற்றில் வெளுத்த இடம் இருந்தால் புதுக்கயிறு. வலையின் ஓரத்தை மறுபடி விரலால் தடவிப் பாருங்கள். டியூப் வெடித்திருந்தால் மாற்றுங்கள். பலகையில் மண்கோடு தெரிந்தால் கரையான். அந்தப் பலகையை மட்டும் கழற்றிப் புதிது போடுங்கள். கூரைக்கு ஒரு கை எண்ணெய் பூசி, காய்ந்ததும் மாட்டிவிடலாம். 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் அதே வாரத்தில் வரும். பெட்டி தெரியும் இடத்தில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, வரும் பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து இ-பேர்டு செயலியில் பதிவிடுங்கள். சேலையூர் என்ற ஊர்ப்பெயரோடு அது கணக்கில் ஏறும்.